கணினிக் கல்வியும் பொறுப்புக் கல்வியும்

யூபிலி விழாக் காணும் நம் கல்லூரிக்கு எத்தகைய கொடை அளிக்கலாம் என்ற பேச்சு, பழைய மாணவர் கூடுமிடமெல்லாம் எழுகின்றது. கணினி அறை ஒன்றை அமைத்துக் கொடுப்போம் என்பது அவர்களுட் பலருடைய விருப்பம். நல்ல விருப்பமே. ஆயின், கணினி என்றவுடன் பொறியையும் திரையையுமே எண்ணிப் பழகிவிட்டோம். அப்பொறியில் ஏற்றப்படும் செய்திக்கு உடையவர் யார், அதனைத் திருத்தும் உரிமை எவருக்குண்டு, அஃது அழிந்துபோனால் விடை கூற வேண்டியவர் யார் என்னும் வினாக்கள் நம் எண்ணத்தில் எழுவது அரிது. இவ்வினாக்களை முறையாக ஆராய்வதற்கென்றே பல்கலைக்கழகங்களில் ஒரு கல்வித்துறை வளர்ந்துள்ளது. தகவல் தொழினுட்ப முகாமைத்துவம் என்றும், தகவல் தொழினுட்ப ஆளுகை என்றும் அதன் இரு கூறுகளை வழங்குவர். மலையக மாணவர் விரும்பிச் செல்ல வேண்டிய துறைகளுள் இஃது ஒன்று என்பதே இக்கட்டுரையின் துணிபு. தமிழாசிரியன் ஒருவனுக்கு இப்பொருளில் என்ன வேலை என வினவுவோர் சற்றே பொறுத்தருள்க. அதற்குரிய விடை இடையில் வரும்.

முகாமைத்துவம் வேறு, ஆளுகை வேறு. தோட்டத்திற் பிறந்து வளர்ந்தோர்க்கு இவ்வேறுபாட்டை விளக்குதல் எளிது. கொழுந்து மடுவத்தில் நிறுவை நடைபெறுகின்றது. தராசு பழுதின்றி இருத்தல், நிறுத்த கணக்கு அன்றன்றே செக்றோலில் ஏறுதல், மாத முடிவில் சம்பளச் சீட்டு தாமதமின்றி வெளிவருதல் ஆகியன முகாமைத்துவத்தின்பாற்பட்டவை. தராசைப் பரிசோதிப்பவர் யார், கூடைக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிப்பதென்று தீர்மானிப்பவர் யார், முழுப்பேர் விழ வேண்டிய நாளில் அரைப்பேர் விழுந்தால் தொழிலாளி எவரிடம் சென்று முறையிடுவது, அம்முறையீட்டை விசாரிப்பவர் கணக்கெழுதியவராகவே இருக்கலாமா என்பன ஆளுகையின்பாற்பட்டவை. தோட்டங்கள் சிலவற்றில் மின்தராசுகள் வந்துவிட்டன. எண் தெளிவாகத் தெரிகின்றது. கணக்கு விரைவாக ஏறுகின்றது. எனினும் மேற்கூறிய வினாக்களுள் ஒன்றையேனும் தராசு தானே தீர்த்துவிடுவதில்லை.

சர்வதேச நியம அமைப்பு 2008 ஆம் ஆண்டில் 38500 என்னும் எண்ணுடைய நியமத்தை இப்பொருள் குறித்து வெளியிட்டது. ஒரு நிறுவனத்தின் தலைமைக் குழு தன் கணினி முறைமைகளை மதிப்பிடுதல், நெறிப்படுத்தல், கண்காணித்தல் ஆகிய மூன்றையும் தானே செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். கணினிப் பகுதியினர் பார்த்துக்கொள்வர் என்று தலைவர்கள் கைகழுவலாகாது. 1996 ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த கோபிற் என்னும் நெறிமுறைத் தொகுதியும் இத்துறையின் பாடமாக உலகெங்கும் கற்பிக்கப்படுகின்றது.

பெயர்கள் புதியனவாயினும் கருத்து நம்மவர்க்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளை வரலாறு கற்ற மாணவர் அறிவர். ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் குடவோலை முறையால் உறுப்பினரைத் தேர்ந்த ஊரவர், முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாது போனவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் தேர்தலுக்குத் தகுதியற்றோர் என விலக்கினர். திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்துவினையாடல் என ஓர் அதிகாரமே உண்டு. எவரிடம் எப்பணியை ஒப்படைப்பது என்பதை ஆட்சியின் தலையாய வினாவாக நம் முன்னோர் கருதியமைக்கு இவை சான்றாகும்.

இக்கல்வி இல்லாமையால் விளையும் கேட்டுக்கு நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரசின் மேகக் கணினி முறைமையைத் தீநிரல் ஒன்று தாக்கியது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணயம் கேட்கும் வகையைச் சேர்ந்தது அது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சற் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் மீட்கப்படவில்லை; அக்காலப் பகுதிக்கு மாற்றுப் பிரதி இருக்கவில்லை. பயன்பாட்டிலிருந்த மென்பொருள் 2013 ஆம் ஆண்டினது. அதனைப் புதுப்பிக்கும் திட்டம் 2021 ஆம் ஆண்டு தொட்டே இருந்தும், நிதிக் குறைவினாலும் நிருவாகத் தீர்மானங்களாலும் தாமதமாயிற்று என்று பொறுப்பான நிறுவனத்தினரே விளக்கினர். ஈண்டு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பிரதி எடுக்கத் தெரிந்த பொறியியலாளர் நம் நாட்டில் இல்லாமற் போகவில்லை. எடுக்கப்படுகின்றதா என்று கேட்டு, எடுக்குமாறு பணித்து, அதற்கான பணத்தை ஒதுக்க வேண்டிய இடத்தில்தான் குறை நேர்ந்தது.

செல்வ நாடுகளும் இதற்கு விலக்கல்ல. தென்கொரியாவின் தேஜோன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் 2025 செப்டெம்பர் 26 ஆம் நாள் தீப்பற்றியது. அரச அலுவலர் தம் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த 858 டெராபைட் அளவான களஞ்சியம் எரிந்தொழிந்தது. அதற்கும் வேறிடத்தில் பிரதி இருக்கவில்லை.

இவற்றினும் நெஞ்சை வருத்துவது பிரித்தானிய அஞ்சல் நிலையங்களில் நடந்தது. 1999 ஆம் ஆண்டு முதல் ஹொரைசன் என்னும் கணினிக் கணக்கு முறைமை அங்கே புகுத்தப்பட்டது. அம்முறைமையின் பிழையால் பணம் குறைவதாகக் காட்டப்பட்டபோது, பொறி பிழை செய்யாது என நிருவாகம் நம்பியது; சிற்றஞ்சல் நிலையங்களை நடத்தியோரைத் திருடர் என்றது. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். பலர் வீடு வாசலை இழந்தனர். முறைமையில் பிழைகள் இருந்தமையை 2019 இல் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. 2024 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டமியற்றியே அத்தீர்ப்புகளைத் துடைக்க வேண்டியதாயிற்று. கணக்கில் எழுதியிருப்பதே மெய், எழுதப்பட்டவன் சொல்வது பொய் என்னும் வழக்கு தோட்டத்து மக்களுக்குப் பழகிய ஒன்றன்றோ?

இனி நம் கதைக்கு வருவோம். பதிவேட்டின் வலிமையை மலையகத் தமிழர் அறிந்ததுபோல் அறிந்தவர் சிலரே. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தந்தைவழி முன்னோர் இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம் மணமானோர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் 1946 சனவரி 1க்கு முன் தொடர்ந்து இந்நாட்டில் வாழ்ந்தமையை நிறுவுமாறு பணித்தது. பிறப்பைப் பதிந்துவைக்கும் வழக்கம் குன்றியிருந்த லயங்களில் இத்தகைய பத்திரங்களுக்கு எங்கே போவது? பல்லாயிரவர் விண்ணப்பங்கள் தள்ளப்பட்டன. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று மக்களை எண்ணாகப் பகுத்தது. எஞ்சியோர்க்கும் உரிமை வழங்கிய 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரும் வரையில், ஒரு தாளின்மையால் நாடின்மை என்னும் நிலை அரை நூற்றாண்டுக்கு மேலாக நீடித்தது.

அத்தாள் இன்று கணினிக்குள் செல்கின்றது. டிஜிற்றல் அடையாள அட்டைத் திட்டம் இந்திய உதவியோடு முன்னெடுக்கப்படுகின்றது. 2023 இல் தொடங்கிய அஸ்வெசும நலனுதவித் திட்டத்தில் தகுதியுடையோர் யாரென்பது, வீடு வீடாகத் திரட்டிய தரவுகளைப் புள்ளியிட்டே தீர்மானிக்கப்பட்டது. விடுபட்டோர் இலட்சக்கணக்கில் முறையீடு செய்தனர். ஒரே லயத்தில் பல குடும்பங்கள் வாழ, கடிதங்கள் யாவும் தோட்டக் காரியாலயத்துக்கே வந்துசேரும் எம்மிடத்தில், முகவரி என்னும் கட்டத்தில் எதனை எழுதுவது என்பதே ஓர் ஆளுகைப் பிரச்சினையாகும்.

தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்னும் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். ஒரு தாயின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ராமாயி, அடையாள அட்டையில் இராமாயி, சேமலாப நிதிப் பதிவில் ஆங்கில எழுத்துகளில் வேறொரு வடிவம் என்று இருப்பது தோட்டப்புறத்தில் அன்றாடக் காட்சி. சொல்லின் முதலில் ரகரம் வாராது என்பது நாம் வகுப்பிற் கற்பிக்கும் இலக்கணம். அவ்விலக்கணப்படி எழுதிய ஓர் இகரமே, பொறியின் கண்ணில் ஒருத்தியை இருவர் ஆக்கிவிடுகின்றது. மனித இலிகிதர் ஒருவர் பார்த்தால் இருவரும் ஒருவரே என ஊகிப்பார், பொறி ஊகிக்காது. முப்பது ஆண்டு கொழுந்தெடுத்தவள் தன் சேமலாப நிதிக்காகச் சத்தியக் கடதாசி கட்டிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏற நேர்கின்றது. தமிழ்ப் பெயரை மும்மொழிகளிலும் எவ்வாறு எழுதுவது, வேறுபட்ட வடிவங்களை எவ்விதம் இணைப்பது, திருத்தத்துக்கு எத்துணை நாள் என்று வரையறுப்பது ஆகியன நிரலெழுதுவோர் மட்டும் தீர்க்கக்கூடியவை அல்ல. இவற்றைத் தீர்மானிக்கும் மேசையில் லயத்து வாழ்வும் தமிழெழுத்தும் அறிந்த ஒருவர் அமர்ந்திருத்தல் வேண்டும். அவர் நம் மாணவராக ஏன் இருத்தல் கூடாது?

கற்பதற்கு இடம் இல்லாமல் இல்லை. களனிப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் முகாமைத்துவமும் தகவல் தொழினுட்பமும் இணைந்த பட்டப் படிப்புகள் உள்ளன. கொழும்புப் பல்கலைக்கழகம் தகவல் முறைமைகள் பற்றிய பட்டத்தை வழங்குவதோடு, 2000 ஆம் ஆண்டு முதல் வெளிவாரித் தகவல் தொழினுட்பப் பட்டத்தையும் நடத்திவருகின்றது. தொழில் பார்த்துக்கொண்டே கற்க விரும்பும் இளைஞர்க்கு இஃது ஏற்றது. பதுளையில் 2005 இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தேயிலைத் தொழினுட்பத்துக்கே ஒரு பட்டம் வைத்துள்ளது. தேயிலையையும் தகவலாளுகையையும் இணைத்துக் கற்பிக்க அதனினும் பொருத்தமான இடம் எது? நுவரெலியா, பதுளை ஆகியன கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கான சிறப்பொதுக்கீடு பெறுபவை என்பதையும் மாணவர் மறத்தலாகாது. தொழில் வாய்ப்பும் விரிகின்றது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரச நிறுவனங்களில் தரவுப் பாதுகாப்பு அலுவலர் என்னும் பதவிக்கு வழி வகுத்தது.

இதற்கு மாறாகச் சொல்லப்படுவனவற்றையும் எண்ணிப் பார்த்தல் முறை. முதலாவது, இப்படிப்புகள் ஆங்கிலத்தில் நடப்பதால் நம் பிள்ளைகள் தடுமாறுவர் என்பது. மெய்தான். அதற்குப் பரிகாரம் ஆங்கிலத்தை இங்கேயே உறுதியாகக் கற்பிப்பதும், பொருளை முதலில் தமிழில் விளங்கவைப்பதுமாகும். தராசின் கதையால் ஆளுகையை விளங்கிக்கொண்ட மாணவன், ஆங்கில நூலில் அதனைக் காணும்போது பழைய நண்பனைக் கண்டதுபோல் அறிவான். இரண்டாவது, நகரங்களில் தெருவுக்கொன்றாக முளைக்கும் நிலையங்கள் பெருங்கட்டணம் வாங்கிப் பயனற்ற தாளைத் தருகின்றன என்பது. அதுவும் மெய்யே. பணம் கட்டுமுன் அப்பட்டம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்றதா என விசாரிக்கப் பெற்றோர் பழக வேண்டும். மூன்றாவது, இக்கல்வி படிவம் நிரப்பும் வித்தையாகச் சுருங்கிவிடும் என்பது. இவ்வச்சம் நியாயமானது. கட்டங்களுக்குச் சரி அடையாளம் இடக் கற்பித்துப் பட்டம் கொடுத்தால், மாற்றுப் பிரதி உண்டு என்று தாளில் எழுதிவிட்டு இல்லாமலே இருப்போரைத்தான் பெறுவோம். பாடநூலோடு நம் நாட்டு நிகழ்ச்சிகளையும் வழக்குகளையும் வைத்துக் கற்பிக்குமாறு பல்கலைக்கழகங்களை நாம் கேட்க வேண்டும்.

பழைய மாணவர்க்குச் சில வேண்டுகோள்கள். கணினி அறைக்குச் சேரும் நிதியில் பத்திலொரு பங்கைப் பராமரிப்புக்கும் மாற்றுப் பிரதிக்கும் ஒதுக்குங்கள். நன்கொடையாக வந்த கணினிகள் திறப்பு யாரிடம் என்று தெரியாமல் பூட்டிய அறையிலே தூசி படிந்துகிடக்கும் பாடசாலைகளை இவ்வட்டாரத்தில் நாம் கண்டிருக்கின்றோம். ஆசிரியர் ஒருவர், பழைய மாணவர் ஒருவர், உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் அடங்கிய சிறு வாரியம் ஒன்றை அமைத்து, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அது கணக்குக் காட்டச் செய்யுங்கள். இத்துறையிற் பட்டம் பெறச் செல்லும் மாணவர் இருவருக்கேனும் ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்குங்கள். வங்கிகளிலும் கணினி நிறுவனங்களிலும் பணிபுரிவோர் தவணைக்கொருமுறை வந்து, தம் தொழிலைத் தமிழில் மாணவர்க்கு விளக்குங்கள்.

மாணவர்க்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் பெற்றோரின் இசைவோடு அவர்களுடைய பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிப் பதிவு ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு கண்டால் தமிழாசிரியரிடம் கொண்டுவாருங்கள். விண்ணப்பம் எழுத நாம் துணைசெய்வோம். ஓய்வு பெறும் நாளிற் படும் அலைச்சலை இன்றே குறைக்கலாம். இதற்குக் கணினி அறை கட்டி முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; வருகின்ற தவணையிலேயே தொடங்கலாம்.