அரைச் சுற்று போதும்

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில், சாலையோரப் பட்டறை ஒன்றில் மஹிந்திரா தார் நிற்கிறது. மடக்கும் துணிக்கூரை பாதி திறந்தும் பாதி மூடியும். 2020 அக்டோபர் 2 அன்று புதிய தார் விற்பனைக்கு வந்தபோது எல்லோரும் பேசியது வானம் பார்த்துப் போகும் சுகத்தை. கூரையை முன்கண்ணாடிச் சட்டத்தோடு கவ்வும் கொக்கியைப் பற்றி யார் பேசினார்கள்? இவ்வகைக் கூரைகளில் கொக்கி தளர்ந்தால் காற்று விசிலடிக்கும், ஐப்பசி மழை மடியில் சொட்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் தையல் விடும், நெம்புகோல் முறியும். திருகு வைத்த கொக்கியென்றால் ஒரு தடவைக்கு அரைச் சுற்று, இரண்டு பக்கமும் சமமாக. பாவின் ஒரு பக்கம் தொய்ந்தால் சேலை என்னவாகும் என்று தெரிந்த தறிக்கார ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குளிரில் விறைத்த கூரையை வெயிலில் இளகவிட்டுத்தான் திறக்க வேண்டும். நனைந்ததை மடித்து வைத்தால் பூஞ்சணம் நிச்சயம். ரப்பர் விளிம்புக்குச் சாதாரணக் கிரீஸ் ஆகாது, அதில் உள்ள பெட்ரோலிய எண்ணெயில் ரப்பர் உப்பிப்போகும். சிலிக்கோன் தெளிப்பான்தான் சரி. ஏனாத்தூர் மெக்கானிக்கோ கிரீஸ் டப்பாவைத்தான் முதலில் திறக்கிறார்; வண்டி உரிமையாளர் பதறிப்போய்க் கையைப் பிடிக்கிறார்.