சிமென்ட் இறங்கினால் வீடு இறங்குமா?

ஆந்திரத்தின் நகரியில் வீடு கட்டுகிறவருக்கு ஆற்று மணலுக்கு விலை கிடையாது. ஆந்திர அரசு 2024 ஜூலையில் கொண்டுவந்த இலவச மணல் கொள்கையில், ஏற்றுக்கூலியும் வண்டி வாடகையும்தான் செலவு. பக்கத்தில் இருக்கும் திருத்தணிக்கு அந்த மணல் வரக் கூடாது. மாநிலம் தாண்டினால் கடத்தல். 1960 ஏப்ரல் 1 வரை இரண்டு ஊரும் ஒரே சித்தூர் மாவட்டம். ம.பொ.சி. போராடித் தமிழகத்துக்கு மீட்டுத் தந்த திருத்தணியில் இன்று, கல்லை அரைத்துச் செய்யும் எம்-சாண்ட் யூனிட் என்ன விலை என்பதுதான் முதல் கேள்வி. அடுத்த கேள்வி: விலை இறங்குமா, காத்திருக்கலாமா?

காத்திருந்தவர்களுக்கு 2025 இரண்டு செய்திகளைத் தந்தது. ஏப்ரலில் தமிழக அரசின் கனிம நில வரி நடைமுறைக்கு வந்தது. சிமென்டுக்கு மூலமான சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு ரூ.160, கருங்கல்லுக்கும் தனி வரி. ஜல்லி, எம்-சாண்ட் விலை ஏறியது, கிரஷர்கள் வேலைநிறுத்தம் செய்தன, பேச்சுவார்த்தை நடந்து கொஞ்சம் தணிந்தது. செப்டம்பர் 22-இல் ஒன்றிய அரசு சிமென்டுக்கான ஜிஎஸ்டியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைத்தது. இனி வீடு கட்டுவது மலிவு என்று பேச்சு கிளம்பியது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய வரியோடு மூட்டை ரூ.350 என்றால், புதிய வரியில் சுமார் ரூ.323. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு ஏறக்குறைய 400 மூட்டை பிடிக்கும். மிச்சம் பதினோராயிரம் ரூபாய். சதுர அடி ரூ.2,200 என்று மேஸ்திரியிடம் பேசி முடித்த 22 லட்ச ரூபாய் வீட்டில் இது அரை சதவீதம். கிரகப்பிரவேசத்துக்குப் பந்தல் போடலாம்.

கம்பி விலை இதைவிட நல்ல பாடம். 2022 வசந்தத்தில் உச்சிக்குப் போன கம்பி, மே மாதம் உருக்குக்கு 15 சதவீத ஏற்றுமதி வரி போட்டதும் இறங்கியது. ஆனால் மெட்டீரியலோடு பேசும் சதுர அடி ரேட் அதற்காக இறங்கியதாக நான் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பொருள் விலை ஏறும்போது ரேட்டும் ஏறும்; இறங்கும்போது அது அசைவதில்லை. காரணம், செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூலி. கொத்தனார், சித்தாள், சென்ட்ரிங் ஆள் யாருடைய கூலியும் திரும்பிக் கீழே வராது. வரவும் கூடாது.

அந்தக் காலத்தில் ஆயிரம் ரூபாய்க்கு லோடு செங்கல் இறங்கியது என்று பெருமூச்சு விடுகிறவர்கள், அது எப்படி மலிவாக இருந்தது என்றும் யோசிக்க வேண்டும். திருவள்ளூர் மாவட்டச் சூளைகளில் ஒடிசாவிலிருந்து முன்பணத்துக்குக் கட்டுண்டு வந்த குடும்பங்கள் கல் அறுத்தன. 2011-இல் நூற்றுக்கணக்கானவர்கள் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டார்கள். மணலைக் கொசஸ்தலையாறு ஓசியில் கொடுத்தது, படுகை பள்ளமாகும் வரை. நாம் கொடுக்காத விலையை அவர்களும் ஆறும் கொடுத்தார்கள். அந்த மலிவு திரும்ப வரும் என்று எதிர்பார்ப்பது வீண், விரும்புவதும் நியாயமில்லை.

ஆகவே சம்பளக்காரர் காத்திருப்பதில் பயன் இல்லை. சிறுவாபுரி முருகனிடம் வீட்டுக்காக ஆறு செவ்வாய்க்கிழமை வேண்டிக்கொள்ளட்டும். கூடவே வரைபடத்தில் ஓர் அறையைக் குறைக்கட்டும். 1,200 சதுர அடியை 900 ஆக்கினால் மிச்சம் ஆறரை லட்சத்துக்கு மேல். எந்த வரிச் சலுகையும் அவ்வளவு தராது.

குறைக்க இடமே இல்லாதவர்களின் நிலை வேறு. தமிழக அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் குறைந்தது 360 சதுர அடி கட்ட வேண்டும். அரசு தருவது ரூ.3.5 லட்சம். சதுர அடிக்கு ரூ.972. திருத்தணியை ஒட்டிய கிராமங்களில் இந்த ரேட்டுக்கு எந்த மேஸ்திரி வருவார்? மீதிக்கு வட்டிக்கடைதான், இல்லையென்றால் லிண்டல் மட்டத்தில் நிற்கும் சுவர். 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்ற இலக்கு நல்லது. பொதுப்பணித் துறை தன் ஒப்பந்தப் பணிகளுக்கான விலைப்பட்டியலை ஆண்டுதோறும் திருத்துகிறது. 2024-இல் அறிவித்த மூன்றரை லட்சமும் ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பட்டியலோடு சேர்ந்து ஏற வேண்டும்.