பழைய பெட்டியில் யாருக்குப் பந்தி?

ஓடி ஓய்ந்த ரயில் பெட்டிகளை ஓட்டல்களாக மாற்றும் வேலையை இந்திய ரயில்வே சில வருஷங்களாகச் செய்து வருகிறது. 2020 பிப்ரவரியில் மேற்கு வங்காளத்து அசன்சால் ஸ்டேஷனில் இரண்டு பழைய பெட்டிகள் இவ்விதம் மாற்றப்பட்டன. 2021 அக்டோபரில் பம்பாயின் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸில் ஒரு பெட்டி ஓட்டலாயிற்று. பின்னர் நாட்டின் வேறு பல ஸ்டேஷன்களிலும் இத்தகைய ஓட்டல்கள் தோன்றியுள்ளன.

வெளியே புது வர்ணம், உள்ளே மெத்தை வைத்த இருக்கை, குளிர்ந்த காற்று. "சக்கரத்தின் மேல் ஓட்டல்" என்று பெயர். பெட்டியும் ரயில்வேயுடையது, இடமும் ரயில்வேயுடையது. ஆனால் ஓட்டலை நடத்துகிறவர் லைசென்ஸ் பெற்ற கண்ட்ராக்டர். அவர் ரயில்வேக்கு ஒரு தொகை கட்டுகிறார். டிக்கெட் விற்பனை அல்லாத வருமானம் என்று இதைக் கணக்கில் எழுதுகிறார்கள்.

பழைய பெட்டியை உடைத்து இரும்பு விலைக்கு விற்காமல் உபயோகத்துக்குக் கொண்டு வருவதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. அப்பெட்டி வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1955 அக்டோபர் 2ந் தேதி தொடங்கிய பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் தகடு வெட்டி, பற்றவைத்து, ஆணி அடித்து உண்டாக்கிய பெட்டிகள் நாடெங்கும் ஓடின. அந்தப் பழைய மாதிரிப் பெட்டிகளில் கடைசியானது 2018 ஜனவரியில் அங்கிருந்து வெளிவந்தது. இப்போது புது மாதிரிப் பெட்டிகள் வந்துவிட்டன. பழையவை ஓய்வு பெறுகின்றன. உழைப்பாளியின் கைப்பட்ட பொருள் இன்னும் கொஞ்ச காலம் ஜனங்களுக்குப் பயன்படுமானால் நல்லதுதான்.

நாம் கேட்பது இரண்டே கேள்விகள். அந்தப் பெட்டியில் பந்தி யாருக்கு? பரிமாறுகிறவனுடைய கதி என்ன?

இரவு வேலைக்காரனுக்காகப் பிறந்த வண்டி

வண்டியை ஓட்டலாக்கும் யோசனை நம் நாட்டில் பிறந்ததல்ல. பணக்காரர்களின் உல்லாசத்துக்காகப் பிறந்ததும் அல்ல. அதன் பூர்வோத்தரத்தைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் ராட் தீவு மாகாணத்தில் பிராவிடன்ஸ் என்பது ஓர் ஆலை நகரம். அங்கே வால்ட்டர் ஸ்காட் என்ற அச்சகத் தொழிலாளி இருந்தார். பத்திரிகை ஆபீஸ்களில் இரவெல்லாம் வேலை. சாப்பாட்டுக் கடைகளோ இரவு 8 மணிக்குள் கதவைச் சாத்திவிடும். நள்ளிரவில் பசித்தால் தண்ணீரைக் குடித்துவிட்டு மிஷினுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஸ்காட் முதலில் கூடையில் ரொட்டியும் காப்பியும் கொண்டுபோய்ச் சக தொழிலாளர்களுக்கு விற்றார். 1872ல் அச்சக வேலையை விட்டுவிட்டு, ஒரு குதிரை வண்டியைச் சாப்பாட்டு வண்டியாக்கிப் பத்திரிகை ஆபீஸ் வாசலில் நிறுத்தினார். வேக வைத்த முட்டை, வெண்ணெய் தடவிய ரொட்டி, சூடான காப்பி. விலை சில காசுகள். வாங்குகிறவர் தெருவில் நின்றே சாப்பிட வேண்டும்.

பக்கத்து மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் உஸ்டர் என்ற மற்றொரு தொழில் நகரம் உண்டு. அங்கே 1887ல் சாமுவேல் ஜோன்ஸ் என்பவர் ஆட்கள் உள்ளே ஏறி நின்று சாப்பிடும்படியான வண்டியைக் கொண்டு வந்தார். மழையிலும் பனியிலும் நனைந்துகொண்டு சாப்பிட்ட தொழிலாளிக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை கிடைத்தது. இது சிறிய விஷயமா? ஷிப்டு முடிந்து குளிரில் வெளியே வருகிறவனைக் கேட்டால் தெரியும்.

பிறகு நகரங்களில் மின்சார டிராம் வந்தது. குதிரைகள் இழுத்த டிராம் பெட்டிகள் வேலையற்றுப் போயின. மலிவாகக் கிடைத்த அப்பெட்டிகளைச் சிலர் வாங்கி, ஓரிடத்தில் நிறுத்தி, அடுப்பு வைத்துச் சாப்பாட்டுக் கடை ஆக்கினார்கள். ஓடி ஓய்ந்த பெட்டி ஓட்டலான கதை இப்படித்தான் வளர்ந்தது. 1906ல் உஸ்டரில் சாப்பாட்டு வண்டிகள் கட்டுவதற்கென்றே ஒரு கம்பெனி தோன்றி, அறுநூறுக்கு மேற்பட்ட வண்டிகளைக் கட்டியது. நாளடைவில் ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியைப் போலவே கடைகளை அமைத்தார்கள்; அப்பெட்டியின் பெயரால் "டைனர்" என்றே அழைத்தார்கள். பழைய ரயில் பெட்டி என்று நினைத்து ஜனங்கள் நுழையும் டைனர்களில் மிகப் பல ஒரு நாளும் தண்டவாளத்தைக் கண்டதில்லை. உருவம் ரயிலிலிருந்து வந்தது. உயிர் இரவு வேலைக்காரனின் பசியிலிருந்து வந்தது.

திரைக்குப் பின்னால்

நிஜ ரயிலின் சாப்பாட்டுப் பெட்டிக்கு வேறொரு சரித்திரம் உண்டு. 1868ல் புல்மன் கம்பெனி "டெல்மானிக்கோ" என்ற சாப்பாட்டுப் பெட்டியை ஓட விட்டது. வெள்ளை விரிப்பு, வெள்ளிக் கரண்டி, ஓடும் வண்டியில் விருந்து. பரிமாறியவர் யார்? 1865ல் அடிமைத்தனம் ஒழிந்து சில வருஷங்களே ஆன கறுப்பின மக்கள். அற்பச் சம்பளம் கொடுத்து, மிச்சத்தைப் பிரயாணிகளின் இனாமிலிருந்து தேடிக்கொள் என்று விட்டது கம்பெனி. தூங்கும் பெட்டிகளில் வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்கள் 1925ல் பிலிப் ராண்டால்ப் தலைமையில் சங்கம் அமைத்தார்கள். பன்னிரண்டு வருஷம் போராடி, 1937ல் புல்மன் கம்பெனியைக் கையெழுத்துப் போட வைத்தார்கள்.

சமைத்தவர் கறுப்பர், பரிமாறியவர் கறுப்பர். ஆனால் சாப்பிட வந்த கறுப்பருக்கு இடம் திரைக்குப் பின்னால்! 1942ல் எல்மர் ஹெண்டர்சன் என்ற கறுப்பின அரசாங்க ஊழியர் தெற்கு மாகாணங்களின் ரயிலில் பிரயாணம் செய்தார். கறுப்பர்களுக்கென்று திரை போட்டு ஒதுக்கிய மேஜைகளிலும் வெள்ளையர் அமர்ந்திருந்தனர். பிறகு வா என்றார்கள். கடைசி வரை அவருக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை. அவர் வழக்காடினார். 1950ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அந்தத் திரை செல்லாது என்று தீர்ப்பளித்தது.

இதைப் படித்துவிட்டு அமெரிக்காவை மட்டும் ஏசினால் போதாது. நமது ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளிலும் பிராமணர்களுக்கு ஓரிடம், மற்றவர்களுக்கு ஓரிடம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். ஒரே டிக்கெட், ஒரே காசு, ஆனால் உட்காரும் இடம் வேறு. பெரியாரும் அவர் இயக்கத்தாரும் இதை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தனர். 1941ல்தான் அந்தப் பாகுபாடு நீக்கப்பட்டது.

இன்றைய திரை விலைப் பட்டியல்

இன்று ஜாதியின் பெயராலோ நிறத்தின் பெயராலோ ஸ்டேஷனில் பலகை தொங்கவில்லை. விலைப் பட்டியல் தொங்குகிறது. வேலை தேடி இரண்டு இரவு, மூன்று இரவு ஜெனரல் பெட்டியில் நெருக்கியடித்துக்கொண்டு வரும் கூலியாட்கள் அதைப் படித்துவிட்டு வெளியே நிற்கிறார்கள். எண்சாண் உடம்புக்கு வயிறே பிரதானம் என்பார்கள். அந்த வயிற்றின் சொந்தக்காரன் பிளாட்பாரத்துக் குழாயடியில் நிற்க, அவன் வழக்கமாக ஏறும் பெட்டி வேறொருவருக்கு விருந்து மண்டபம் ஆகியிருக்கிறது.

ரயில்வேயால் மலிவாகச் சாப்பாடு போட முடியாதா? முடியும். 2023ல் ரயில்வேயே இதைச் செய்து காட்டியது. ஜெனரல் பெட்டிகள் வந்து நிற்கும் இடத்தின் நேர் எதிரே பிளாட்பாரத்தில் மேஜை போட்டு, ஏழு பூரியும் உருளைக்கிழங்கும் ஊறுகாயும் 20 ரூபாய்க்குக் கொடுக்க ஏற்பாடு செய்தது. நல்ல காரியம். இதை மனமார வரவேற்கிறோம். ஆனால் அவன் நின்றுகொண்டு வாங்கி, வண்டி புறப்படுமுன் ஓடி ஏற வேண்டும். பெட்டி ஓட்டலிலோ வேறு ஆட்களுக்கு மெத்தை இருக்கை.

இந்த இரண்டையும் ஒன்று சேர்த்தால் என்ன? அதே பெட்டியில், அதே கூரையின் கீழ், 20 ரூபாய்ச் சாப்பாட்டையும் உட்கார்ந்து சாப்பிட வழி செய்தால் ரயில்வே மூழ்கிப் போகாது. லைசென்ஸ் கொடுக்கும்போதே இந்த நிபந்தனையை எழுத வேண்டும்.

அடுத்து, பரிமாறுகிறவன் விஷயம். பெட்டி ரயில்வேயுடையது, ஆள் கண்ட்ராக்டருடையவன் என்று கைகழுவும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. 250க்கு மேற்பட்டவர் வேலை செய்யும் ஆலையில் காண்டீன் வேண்டுமென்று 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் விதி செய்தது. ஆனால் காண்டீன் ஆட்கள் எங்கள் ஆட்கள் அல்ல என்றே பல நிர்வாகங்கள் வாதாடின. ரயில்வே காண்டீன் தொழிலாளர்கள் விடவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள். சட்டப்படி அமைந்த காண்டீன்களிலும், ரயில்வே அங்கீகரித்த மற்றக் காண்டீன்களிலும் வேலை செய்பவர்கள் ரயில்வே ஊழியர்களே என்று 1990ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக் கூறியது. அது ஊழியர் காண்டீன்களுக்கான தீர்ப்பு; பெட்டி ஓட்டல் ஆட்களுக்குத் தானாக வந்து சேராது. ஆனால் கேட்டவனுக்குத்தான் கிடைக்கும் என்ற பாடம் அவர்களுக்கும் பொருந்தும்.

ஆகவே நாம் கோருவது இதுதான். பெட்டி ஓட்டல் ஒவ்வொன்றிலும் மலிவுச் சாப்பாடு கட்டாயமாகக் கிடைக்க வேண்டும். ஜெனரல் டிக்கெட் பிரயாணியும் உள்ளே அமர இடம் வேண்டும். அங்கே வேலை செய்வோரின் சம்பளம், வேலை நேரம், வார விடுமுறை ஆகியவற்றுக்கு ரயில்வேயே பொறுப்பேற்க வேண்டும்.

அச்சகத்தில் இரவு வேலை செய்தவன் தன் தோழர்களின் பசி அறிந்து வாசலில் நிறுத்திய வண்டி அது. ரயில்வே ஊழியர் சங்கங்களும், ஓட்டல் தொழிலாளர் சங்கங்களும், பிரயாணிகளும் சேர்ந்து குரல் கொடுத்தால் அந்த வண்டியில் உழைப்பாளிக்கு மறுபடியும் இடம் கிடைக்கும்.