நிறுத்தக் கூடாத வரிசை

முகூர்த்த நாளில் எந்தப் பெரிய கோயிலுக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். பொது வரிசை மகாமண்டபத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு கயிறு தொங்கும். ஊழியரின் கைபேசி ஒலித்ததும் அவர் கயிற்றை இழுத்து எதிர்க்கம்பியில் மாட்டி, "கொஞ்சம் நில்லுங்க" என்பார். பக்கவாட்டு வாசல் வழியாக மாலையும் தட்டுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். முன்னால் நடப்பவருக்குப் பதவி இருக்கும். பின்னால் வருபவர்கள் அவருடைய மைத்துனர் குடும்பம், ஓட்டுநர், ஊரிலிருந்து வந்த நண்பர்கள். தீபாராதனை, பரிவட்டம், பிரசாதம் எல்லாம் முடிய இருபது நிமிடம் ஆகும். கயிற்றுக்கு இந்தப் பக்கம், விடியற்காலை நாலு மணிக்கு வந்து நின்ற பாட்டி தூணில் சாய்ந்தபடி அர்ச்சனைத் தட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொள்வார். கயிறு அவிழ்ந்து சந்நிதிக்குப் போனால், "நகருங்கம்மா, நகருங்க" என்ற குரலுக்கு நடுவே அவருக்கு இரண்டு விநாடி கிடைக்கும்.

ஒருவர் சீக்கிரம் போய்விடுகிறாரே என்பதல்ல நம் வருத்தம். அவர் போவதற்காக ஆயிரம் பேர் நிறுத்தப்படுகிறார்கள். ஆயிரம் பேரின் இருபது நிமிடத்தைக் கூட்டினால் முந்நூறு மணி நேரத்துக்கு மேல் வருகிறது. யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொண்ட நேரம் அது. திருமலையில் இதற்கு 'பிரேக் தரிசனம்' என்றே பெயர். யாருடைய தரிசனம் நடுவில் அறுபடுகிறது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

நிற்பது என்றால் என்னவென்று பக்கவாட்டு வாசலில் வருபவர்களுக்குத் தெரியாது. இருபுறமும் இரும்புக் கம்பி, மேலே தகரம். உள்ளே போய்விட்டால் சிறுநீர் கழிக்கக்கூட வெளியே வர முடியாது. வந்தால் இடம் போய்விடும். சர்க்கரை நோயாளிகளும் கைக்குழந்தைக்காரிகளும் அதற்குள்தான் நிற்கிறார்கள். 2025 மார்ச்சில் சில நாள் இடைவெளியில் திருச்செந்தூரிலும் ராமேசுவரத்திலும் வரிசையில் நின்ற பக்தர்கள் மயங்கி விழுந்து இறந்தார்கள். இப்படி நடக்கும்போதெல்லாம் உடல்நலக் குறைவே காரணம் என்று வழக்கமான விளக்கம் ஒன்று வரும். உடம்புக்கு முடியாதவர்கள்தானே கோயிலுக்கு அதிகம் வருகிறார்கள்? பலருடைய வேண்டுதலே அதற்காகத்தான். அவர்கள் வருவார்கள் என்று தெரிந்தே வரிசையை அமைப்பது நிர்வாகத்தின் கடமை.

காஞ்சிபுரம் நமக்குப் பாடம் சொல்லியிருக்க வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை அங்குள்ள கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளும் அத்திவரதர், 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 16 வரை 47 நாள் காட்சி தந்தார். ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் வந்தார்கள். ஜூலை 18 அன்று மட்டும் கூட்டத்தில் சிக்கி மயங்கிய நான்கு பேர் உயிரிழந்தார்கள். அதே கோயிலில் முக்கியப் பிரமுகர்களுக்கென்று தனி வழியும் தனி அனுமதிச் சீட்டும் இருந்தன. கடைசியில் அந்த வழியே நெரிசலாகிவிட்டது. சீட்டு இல்லாதவர்களை அதில் விட்டதற்காக ஒரு காவல் ஆய்வாளரை மாவட்ட ஆட்சியர் எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்ட காட்சியை நாடே பார்த்தது. சலுகை வழி ஒன்றைத் திறந்துவிட்டால் அதை யாராலும் அளவோடு வைத்திருக்க முடியாது.

2025 ஜனவரியையும் நினைவுபடுத்த வேண்டும். 7ஆம் தேதி தர்மஸ்தலாவில் பக்தர் வரிசை வளாகத்தைத் திறந்துவைத்த அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் ஜகதீப் தன்கர், பிரமுகர் தரிசன வழக்கம் ஒழிய வேண்டும் என்றார். மறுநாள் திருப்பதியில் வைகுண்ட ஏகாதசி தரிசன டோக்கனுக்காகக் காத்திருந்தவர்களில் ஆறு பேர் நெரிசலில் இறந்தார்கள். 31ஆம் தேதி, கோயில்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு பிரமுகர் தரிசனம் தருவதை எதிர்த்த பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தனிச் சலுகை கூடாது என்பதே தன் கருத்து என்று சொன்ன நீதிமன்றம், இதில் தான் உத்தரவிட முடியாது, முடிவெடுக்க வேண்டியது நிர்வாகங்களும் அரசும்தான் என்று விட்டுவிட்டது. ஆகவே நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று இனி அரசு ஒதுங்கி நிற்க முடியாது.

தமிழகத்தில் அரசுக்கு வழிகாட்டுதலும் கையிலேயே இருக்கிறது. திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில் 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம், கோயிலுக்குள் கடவுள் ஒருவரே முக்கியப் பிரமுகர் என்றார். தனி வழி உரிய பதவியில் இருப்பவருக்கும் அவருடைய குடும்பத்துக்கும் மட்டுமே, உறவுக்காரர்களுக்கும் உடன் வருபவர்களுக்கும் அல்ல, அதுவும் பொதுமக்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் என்று தெளிவாக்கினார். இதில் புரியாதது எதுவும் இல்லை. உயிருக்கு அச்சுறுத்தல் உள்ள ஒரு முதல்வரையோ குடியரசுத் தலைவரையோ கம்பிக்குள் நிற்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் நாள்தோறும் பக்கவாட்டு வாசலைத் திறக்கவைப்பவர்கள் அவர்கள் இல்லை. 'இன்ன அலுவலகத்திலிருந்து பேசுகிறோம்' என்ற தொலைபேசி அழைப்பும் சிபாரிசுக் கடிதமும்தான் திறக்கவைக்கின்றன. பத்திரிகையாளர் அட்டையைக் காட்டி நுழைகிறவர்களும் உண்டு. அந்தப் பழியில் நம் துறைக்கும் பங்கிருக்கிறது.

கட்டண தரிசனத்துக்கு வருமானத்தைக் காரணம் காட்டுகிறார்கள். அர்ச்சனைக்கும் அபிஷேகத்துக்கும் கட்டணம் வாங்குவதில் நியாயம் உண்டு. பாலும் பூவும் ஆள் உழைப்பும் செலவாகின்றன. சாமியைப் பார்ப்பதில் கோயிலுக்கு என்ன செலவு? திருச்செந்தூரில் 100 ரூபாய்க்கும் திருமலையில் 300 ரூபாய்க்கும் விற்கப்படுவது சேவை அல்ல, இன்னொருவருக்கு முன்னால் நிற்கும் உரிமை. திருமலையில் ஸ்ரீவாணி அறக்கட்டளைக்குப் பத்தாயிரம் ரூபாய் நன்கொடை கொடுத்தால் அந்த உரிமை இன்னும் முன்னால் போகிறது. பழனியிலும் திருச்செந்தூரிலும் சமயபுரத்திலும் உண்டியல் எண்ணி முடித்துக் கோடிக்கணக்கில் அறிவிக்கிறார்களே, மஞ்சள் துணியில் முடிந்த காசை அதில் அவிழ்த்துப் போட்டவர்கள் பொது வரிசையில் வந்தவர்கள். பச்சை உடுத்து, வெறுங்காலோடு திருச்செந்தூருக்கு நாள்கணக்கில் நடந்து வருபவர்கள். அவர்கள் நிற்கும் வரிசைக்கு 'இலவச தரிசனம்' என்று பலகை வைத்திருக்கிறோம், ஏதோ நிர்வாகம் அவர்களுக்குத் தானம் செய்வதுபோல. முடிகாணிக்கைக் கட்டணத்தை அரசு 2021-ல் நீக்கியபோது எந்தக் கோயிலும் நொடித்துப்போகவில்லை. தரிசனக் கட்டணத்தையும் படிப்படியாக நீக்கலாம். திருவிழா நாள்களில் உடனடியாகவே நிறுத்த வேண்டும்.

முடியாது என்பவர்கள் 2025 கோடையில் திருமலையில் நடந்ததைப் பார்க்கட்டும். மே 1 முதல் ஜூலை 15 வரை சிபாரிசுக் கடிதங்களை ஏற்பதில்லை, நெறிமுறைப்படியான பிரமுகர்கள் நேரில் வந்தால் மட்டுமே பிரேக் தரிசனம் என்று தேவஸ்தானம் முடிவெடுத்தது. கோடைக்காக எடுக்க முடிந்த முடிவை ஆண்டு முழுவதற்கும் ஏன் எடுக்கக் கூடாது?

1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றார். 1947-ல் அந்த உரிமை சட்டமானது. வாசலில் சாதி பார்த்து நிறுத்தக் கூடாது என்று ஏற்ற ஒரு சமூகம், மகாமண்டபத்தில் பதவியும் பணமும் பார்த்து நிறுத்துவதை எப்படிச் சகித்துக்கொண்டிருக்கிறது?

இந்து சமய அறநிலையத் துறை இதைக் கோயில் நிர்வாகிகளின் மனசாட்சிக்கு விட்டுவிடக் கூடாது. தொலைபேசியில் மேலிடம் பேசும்போது எந்த நிர்வாக அதிகாரியாலும் மறுக்க முடியாது. மறுப்பதற்கு அவர் கையில் அரசாணை இருக்க வேண்டும். பிரமுகர் தரிசனத்துக்கு நாளில் குறிப்பிட்ட ஒரு நேரம் மட்டுமே ஒதுக்கி முன்கூட்டியே அறிவிக்கட்டும். அந்த நேரத்துக்கு வெளியே எவருக்காகவும் கயிறு மாட்டக் கூடாது. கட்டண வரிசையும் பொது வரிசையும் சேரும் இடத்தில் அங்கிருந்து ஒருவர், இங்கிருந்து ஒருவர் என்று விட வேண்டும். அங்கே பத்துப் பேர் போனபின் இங்கே ஒருவர் என்பதுதான் இன்றைய நடைமுறை. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கைக்குழந்தையோடு வரும் தாய்க்கும் உட்கார இடமுள்ள தனி வழி வேண்டும். கம்பிக்குள்ளிருந்து கழிப்பறைக்குப் போய் அதே இடத்துக்குத் திரும்ப ஒரு வாயில் வேண்டும்.

இன்னொன்றும் வேண்டும், அதற்குச் செலவே இல்லை. பூஜை நேரங்களை எழுதிவைத்திருக்கும் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை வைத்து, பொது வரிசை இன்று எத்தனை முறை, எத்தனை நிமிடம், யாருக்காக நிறுத்தப்பட்டது என்று நடை சாத்தும் முன் எழுதிப் போடட்டும்.