வேலி மரமும் நில உரிமையும்

இந்நாட்டிற்கு வேண்டிய பாலிற் பாதிக்கு மேல் பால்மாவாகக் கடல் கடந்து வருகின்றது. 2022ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி வற்றியபோது ஒரு பெட்டிப் பால்மாவுக்காக மக்கள் வரிசையில் நின்றதை எவரும் மறந்திரார். லயத்தின் பின்புறத்தில் கறவைப் பசுவொன்றைக் கட்டியிருந்த தோட்டக் குடும்பம் அவ்வரிசையில் நிற்கவேண்டியிருக்கவில்லை. ஆகவே, சப்பிரகமுவாத் தோட்டங்களில் அப்பசுவுக்குத் தீன் எங்கிருந்து வருவது என்பது சிறிய கேள்வியன்று.

பகல் முழுதும் கொழுந்து பறித்துக் களைத்த பெண், மாலையில் அரிவாளுடன் ஓடைக்கரையிலும் தெருவோரத்திலும் புல் தேடி அலைகின்றாள். கிடைப்பது பெரும்பாலும் முற்றிய புல். அது மாட்டின் வயிற்றை நிரப்பும், மடியை நிரப்பாது.

இக்குறையைத் தீர்க்கவல்ல மரம் நம் வேலிகளிலேயே நிற்கின்றது. கிளிரிசீடியா என்னும் சீமைக்கிளுவையையே குறிப்பிடுகின்றோம். சிங்கள மக்கள் இதனை வெட்டஹிரியா என்பர். மத்திய அமெரிக்காவிலிருந்து பரவிய இந்த அவரையின மரம், கொக்கோவுக்கு நிழல் தந்தமையால் அங்கே 'கொக்கோவின் தாய்' எனப் பெயர் பெற்றது. மழைக்காலத்தில் ஆளுயரக் கம்பை நட்டாலே தளிர்க்கும். நன்கு வேரூன்றிய பின் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தழை வெட்டலாம். உலர்ந்த இலையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு புரதம். காற்றிலுள்ள நைதரசனை மண்ணிற் சேர்ப்பதால் பயிருக்கும் பசளையாகும். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது திகைத்து நின்ற விவசாயிக்கு இதன் பெறுமதியை நாம் விளக்கவேண்டியதில்லை.

குறைகளையும் மறைக்கமாட்டோம். பழகாத மாடு இதன் மணத்தை வெறுக்கும். தழையை ஓரிரவு வாடவிட்டு, புல்லோடு சிறிது சிறிதாகக் கலந்து பழக்கவேண்டும். மொத்தத் தீனில் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாதிருத்தல் நன்று. ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஏற்ற இவ்விலை குதிரைக்கு நஞ்சு. கிளிரிசீடியா என்ற இலத்தீன் பெயரின் பொருளே எலிக்கொல்லி என்பதாம்.

தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசாங்கம் 2005இல் இம்மரத்தை அறிவித்தது. அறிவித்தபின்னும் தோட்டத் தொழிலாளி இதனை நடத் தயங்குவதேன்? நிலம் அவனுடையதன்று என்பதே விடை. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. இருமுறை கைமாறிய நிலத்தில் உழைத்தவனுக்குப் பங்கு கிடைக்கவில்லை. பின்னர் பேசப்பட்ட ஏழு பேர்ச் காணி வீட்டுக்கே போதாது. தீவனத்துக்கு எங்ஙனம் போதும்? பல்லாண்டு பலன் தரும் மரத்தை, நாளை தன்னதாகுமோ என்று அறியாதவன் எப்படி நடுவான்?

தேயிலை நிலம் பறிபோகும் எனத் தோட்ட நிர்வாகங்கள் அஞ்சலாம். தேயிலை நிற்கும் நிலத்தை நாம் கேட்கவில்லை. எல்லைகள், கான் ஓரங்கள், பயிரிடாத சரிவுகள் ஆகியவற்றையே கேட்கின்றோம்.

நமது கோரிக்கைகள் மூன்று. முதலாவது, நட்டவருக்கே தழையும் விறகும் உரியவை என்னும் எழுத்து மூலமான, நீண்டகால அனுமதி. வாய்மொழி இணக்கம் துரை மாறும் நாளில் மாறிவிடும். இரண்டாவது, கால்நடை வைத்தியரின் ஆலோசனையும் துண்டுப்பிரசுரமும் தமிழிற் கிடைத்தல். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. கேகாலைத் தோட்டத்துக்கு அது பொருந்தாதா? மூன்றாவது, பாலைச் சேகரிக்கும் வண்டி தோட்டப் பாதைக்கும் வருதல்.

நம்மவர்க்கும் கடமையுண்டு. விவசாயிகள் தத்தம் வேலிகளிலிருந்து நடுகம்புகளை வழங்கட்டும். சட்டம் கற்றோர் அனுமதிப் பத்திரங்களை இலவசமாக எழுதிக் கொடுக்கட்டும். வெட்டிய கம்பு வெறும் மண்ணிலும் தளிர்க்கும். அதனை நடுபவனுக்கோ உரிமையுள்ள மண் வேண்டும்.