லோஹகட் தெரிந்த பிள்ளைக்கு செஞ்சி தெரியுமா?

மழைக்காலம் வந்தால் தளேகாவில் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஞாயிறு காலையில் புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, லோணாவளா லோக்கல் பிடித்து மளவ்லியில் இறங்கி, லோஹகட் கோட்டை ஏறிவிட்டு சாயந்திரம் வீடு திரும்புவது. நல்ல வழக்கம்தான். ஆனால் பாதியோடு நிறுத்திக்கொள்கிறோம் என்பது என் கட்சி.

கணேஷ், நாராயண், ஹனுமான், மகா என்று நாலு வாசல் தாண்டி ஏறும்போது சரித்திரம் சொல்வது யார்? நம் பிள்ளைகள்! 1648ல் சிவாஜி பிடித்தார், 1665 புரந்தர் உடன்படிக்கையில் மொகலாயரிடம் போனது, 1670ல் மீட்டார் என்று ஸ்கூலில் படித்ததை ஒப்பிக்கிறார்கள். நாம் "அப்படியா" என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்கிறோம். பதிலுக்கு நாம் சொல்ல ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்வதில்லை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ 12 மராட்டியக் கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. லோஹகட்டும் அதில் ஒன்று. 11 கோட்டைகள் மகாராஷ்டிராவில். மிச்சம் ஒன்று நம் விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி!

சும்மா எண்ணிக்கைக்காகச் சேர்க்கவில்லை. 1677ல் செஞ்சியைப் பிடித்தவர் சிவாஜி. 1689ல் அவர் மகன் சம்பாஜி கொல்லப்பட்டு, தலைநகர் ராய்கட்டும் முற்றுகையில் சிக்கியபோது, சம்பாஜியின் தம்பி ராஜாராம் தப்பித் தெற்கே வந்து செஞ்சியிலிருந்துதான் ஆட்சி நடத்தினார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690ல் முற்றுகை போட்டார். கோட்டை விழுந்தது 1698ல். அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். அந்த எட்டு வருஷம் செஞ்சி தாங்கியிருக்காவிட்டால், பிள்ளைகள் இங்கே படிக்கும் பாடமே வேறாக இருந்திருக்கும்.

இதில் 'எங்க ஊர்தான் காப்பாற்றியது' என்று மார்தட்ட வேண்டாம். செஞ்சி ஒருத்தர் சொத்து இல்லை. நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் ஆண்ட இடம். நம் கதைப்பாட்டு நாயகன் தேசிங்கு ராஜாவே வடக்கத்தி பந்தேலா ராஜபுத்திரர். 1714ல் ஆற்காட்டு நவாப் படையோடு மோதிச் செத்தார். அவரை நாம் வெளியூர்க்காரர் என்றா சொல்கிறோம்?

பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டியது இதுதான். இங்கே ஸ்கூலில் "நீ மதராசி", ஊருக்குப் போனால் "பூனாக்காரப் பசங்க". ரெண்டு இடத்திலும் விருந்தாளியாகவே வளர்கிறார்கள். லோஹகட்டையும் செஞ்சியையும் சேர்த்துப் பார்த்த பிள்ளைக்கு, ரெண்டு ஊருக்கும் நடுவில் ஆள் போக்குவரத்து நம் காலத்தில் தொடங்கியதல்ல என்று புரியும். பேங்க்காரன் பாஷையில் சொன்னால், இரட்டைப் பதிவுக் கணக்கில் ஒரு பக்கம் மட்டும் எழுதினால் ஐந்தொகை சேராது.

"லீவே பத்து நாள், கோயில், கல்யாணம், மாமனார் வீடு, இதில் கோட்டை வேறா?" என்பீர்கள். நியாயம்தான். ஆனால் திருவண்ணாமலைக்குப் போகிறோமே, திண்டிவனம் வழியாகப் போனால் வண்டி செஞ்சியைத் தாண்டித்தான் போகிறது. மே மாத வெயிலுக்கு முன்னால் காலையிலேயே இறங்கி ராஜகிரி ஏறுங்கள். முடியாதவர்கள் கீழே கல்யாண மகாலும் நெற்களஞ்சியமும் பார்க்கலாம்.

அடுத்த லீவுக்கு டிக்கெட் போடும்போது ஒரு நாள் கூடுதலாகப் போடுங்கள். கதை சொல்வது இந்தத் தடவை நம் முறை.