ஃபிட்லர் நண்டு: போட்டோவை வைத்துப் பெயர் சொல்லிவிட முடியுமா?

நெய்வேலி நகரியத்தில் இருந்து லீவு நாளில் பிச்சாவரம் போகிறவர்கள் பார்த்திருக்கலாம். அலையாத்திக் காட்டின் சேற்றில், ஒரு கொடுக்கை மட்டும் பெரிதாக வைத்துக்கொண்டு ஆட்டும் குட்டி நண்டுகள். அதுதான் ஃபிட்லர் நண்டு. பெரிய கொடுக்கு ஆணுக்கு மட்டுமே, பெண்ணுக்கு இரண்டும் சிறியவை. போட்டோ எடுத்து செயலியில் போட்டால் உடனே ஒரு பெயர் வரும். அதை அப்படியே நம்பலாமா? கூடாது.

விஞ்ஞானிகளே ஏமாந்த கதை இருக்கிறது. இந்தியக் கரையில் வாழும் ஒரு ஃபிட்லர் நண்டை, 1852-ல் பெயரிடப்பட்ட 'உர்வில்லி' இனம் என்றே நீண்ட காலம் எழுதி வந்தார்கள். தைவான், சிங்கப்பூர் ஆய்வாளர்கள் ஷீ, சான், இங் மூவரும் 2018-ல் அது தனி இனம் என்று காட்டினார்கள். வைத்த பெயர் 'டுபுகா அல்காக்கி'. கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருந்தபடி இந்திய நண்டுகளை வகைப்படுத்திய ஆல்ஃபிரட் அல்காக்கின் நினைவாக.

இரண்டுக்கும் வித்தியாசம் ரொம்பச் சின்னது. ஓட்டின் முன்பக்க ஓர முனை, ஆணின் அடிவயிற்று மடிப்புக்குள் மறைந்திருக்கும் இனப்பெருக்க உறுப்பு, இவ்வளவுதான். மேலே இருந்து எடுத்த போட்டோவில் அந்த உறுப்பு எங்கே தெரியப்போகிறது? ஆனால் மரபணுவைப் பார்த்தால், இரண்டும் பிரிந்து சுமார் 22 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

சரி, பெயர் மாறினால் யாருக்கு என்ன? பழைய கணக்குப்படி இந்த நண்டு ஆப்பிரிக்கா முதல் அந்தமான் வரை பரவிய இனம். இங்கே அழிந்தாலும் அங்கே இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இப்போது முடியாது. உர்வில்லி தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் மட்டும்தான் உண்டு. செங்கடல் முதல் இந்தியா, அந்தமான் கடல் வரை இருப்பது அல்காக்கி. நம் கரைச் சேற்றை மண் கொட்டி மூடினால், ஆப்பிரிக்க நண்டு அதற்கு ஈடாகாது.

அதனால் கடலோரத் திட்டங்களுக்குத் தரும் உயிரினப் பட்டியலில் வெறும் பெயர் போதாது. யார் அடையாளம் கண்டார்கள், மாதிரி எங்கே பாதுகாக்கப்படுகிறது என்பதும் இருக்க வேண்டும். இந்த வட்டாரத்துக்கு அது பெரிய சிரமமும் இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையிலேயே இருக்கிறது. பட்டியலில் பெயர் தப்பாகப் போய்விட்டால், பாட்டிலில் இருக்கும் நண்டை எடுத்து மறுபடி பார்த்துக்கொள்ளலாம்.